உப்புக் காற்றில் பழைய கேரவன் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

வண்டியிலேயே தங்கிக் குடும்பத்தோடு பயணம் செய்வதைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்குச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொண்டி முதல் சாயல்குடி வரையிலான ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. புது கேரவன் வாங்கும் வசதி இல்லாதவர்கள், பழையதை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதே அவற்றின் பொதுவான கேள்வி. கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் உள்நாட்டுக்காரர்களுக்குச் சொல்வதிலிருந்து சற்று மாறுபடும் என்பதால், இம்முறை அக்கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நானும் மனைவியும், விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகள் இருவரும் பயணம் செய்ய ஒரு பழைய கேரவன் வாங்க விரும்புகிறோம். கையில் 6 லட்சம் ரூபாய் உள்ளது. மண்டபத்தில் 2014ஆம் ஆண்டு வேன் ஒன்று கட்டில், அலமாரி, சிறு சமையல் மேடை ஆகியவற்றோடு 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு விலைக்கு வருகிறது. உட்புறம் மிக அழகாக இருக்கிறது. வாங்கலாமா? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: இந்த விலைக்கு வாங்க வேண்டாம் ஐயா. வண்டி மோசமாக இருக்கும் என்று பார்க்காமலே சொல்வதற்கில்லை. ஆனால் 6 லட்சம் வைத்திருப்பவர் 5 லட்சத்து 80 ஆயிரத்தை வண்டிக்கே கொடுத்துவிட்டால், அதை ஓடும் நிலையில் வைத்துக்கொள்வதற்குப் பணம் இராது. பத்து ஆண்டுகளைக் கடந்த வேன் என்றால் டயர்கள், பேட்டரி, பிரேக், ரப்பர் குழாய்கள், காப்பீடு, பெயர் மாற்றம் என்று செலவுகள் முதல் இரண்டு மாதங்களுக்குள் வரிசையாக வந்து நிற்கும். கையில் உள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சிய 4 லட்சத்துக்குள் அடங்கும் வண்டியைத் தேடுங்கள். கட்டிலும் அலமாரியும் இல்லாத, ஆனால் இரும்பு உறுதியாக உள்ள வேன் அந்த விலைக்குக் கிடைத்தால் அதுவே மேல். மரவேலையை ஊர்த் தச்சரிடம் பிறகு செய்துகொள்ளலாம். வண்டி முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் இற்றுப்போனால் அதை எவராலும் மீட்டுத் தர முடியாது.

மண்டபத்து வண்டி என்பதுதான் எனக்குப் பெரிய தயக்கம். பாம்பன், மண்டபம் பகுதி இரும்பை மிக விரைவாக அரிக்கும் இடங்களுள் ஒன்று என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிப்பை ஆராய்வதற்காக மண்டபத்தில் ஒரு நிலையத்தையே நடத்துகிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடற்காற்றைத் தாங்குவதற்கான பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. ரயில்வேயே இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் இடத்தில், கூரையில்லாமல் நிறுத்தப்பட்ட ஒரு வேனின் அடித்தகடு பத்து ஆண்டுகளில் என்ன நிலைக்கு வந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மழை அதிகம் இல்லாத மாவட்டம்தானே, துரு எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்பதுண்டு. உப்புப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஆகவே சித்திரை வெயிலிலும் கூட, கைபடாத மடிப்புகளில் இரும்பு ஈரமாகவே இருக்கும். அதோடு உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் உள்ள பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து உள்ளே இறங்கும். இதனால் கடற்கரை வண்டிகளில் துரு வெளியிலிருந்து தெரிவதற்கு முன்பே உள்ளிருந்து தின்றிருக்கும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது உட்புறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில், வண்டியை மேலே தூக்கும் வசதியோ அடியில் இறங்கிப் பார்க்கும் குழியோ உள்ள ஒரு சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக் உங்கள் மெக்கானிக் ஆகமாட்டார். சேஸிஸின் நீளச் சட்டங்களை ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்ற இடத்தில் ஒலி மங்கிவிடும். லீஃப் ஸ்பிரிங் சேஸிஸோடு சேரும் இடங்கள், பிரேக் ஆயில் செல்லும் மெல்லிய குழாய்கள், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டைகள், பேட்டரி வைக்கும் தட்டு, சக்கர வளைவுகளின் உட்புறம், தள்ளுகதவு ஓடும் தடம் ஆகியவை இந்தக் கடற்கரையில் முதலில் போகும் இடங்கள். அடிப்பாகம் முழுவதும் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம். விற்பனைக்கு முந்திய வாரம் துருவின் மேலேயே அடித்த பூச்சு, துருவை மறைப்பதோடு ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓரிரு இடங்களில் அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

அடுத்து வெளித்தகடு. மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவுகளைச் சுற்றியும் நகர்த்திப் பாருங்கள். துருவின் பள்ளத்தை நிரப்பப் பட்டி அதிகமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. கூரை மட்டும் ஃபைபராக இருந்தால் அங்கே காந்தத்தால் பயனில்லை; கூரையும் பக்கத் தகடும் சேரும் இணைப்பில் அடைப்புப் பசை வெடித்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூரையில் சோலார் தகடு, காற்றுப்போக்கி, ஆன்டெனா என்று துளையிட்டுப் பொருத்தியவை எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகும் வாய்ப்புள்ள இடங்கள். கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரைக் கூரையின் மேல் பாய்ச்சிவிட்டு, உள்ளே மேல்மூலைகளைத் தொட்டுப் பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

இப்போது உள்ளே போகலாம். முந்தைய இரவு முழுவதும் கதவு, சன்னல்களைச் சாத்திவைக்கச் சொல்லி, காலையில் நீங்களே திறந்து பாருங்கள். ஈரமான பிளைவுட்டின் நாற்றத்தை அகர்பத்தியாலும் அறைத் தைலத்தாலும் முழுவதுமாக மறைக்க முடியாது; மறைக்க முயன்றிருப்பது தெரிந்தால் அதுவே போதுமான தகவல். சன்னல்களுக்குக் கீழே உள்ள பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அலமாரியில் உள்ள திருகாணிகளின் தலைகளைப் பாருங்கள். வண்டியின் உட்புறத்தில், அதுவும் கண்மட்டத்தில் உள்ள திருகாணிகள் துருவேறியிருந்தால், உள்ளே நெடுநாள் ஈரம் தங்கியிருக்கிறது என்று பொருள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதை நல்ல மெக்கானிக் எவரும் பார்த்துச் சொல்லிவிடுவார். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், நிற்காமல் வரும் வெண்புகை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே போவதையும் காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற படலம் இருந்தால் விலகிவிடுங்கள். நம் மாவட்டத்தில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளப் பாம்பன் சாலைப் பாலத்தைத் தவிர அதிகம் இல்லை. நீங்கள் கொடைக்கானலுக்கும் போக எண்ணினால், சமதரையில் சாதுவாக ஓடும் வண்டியை நம்பிவிடாமல், ஆட்களை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் ஓட்டிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நின்றே கிடந்த வண்டியில் டயரின் பட்டன்கள் தேயாமலே ரப்பர் முதுமையடைந்து வெடித்திருக்கும். சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் இருக்கிறீர்கள் என்பதால், ஸ்டெப்னியையும் கீழே இறக்கிப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் மண்டபத்து வண்டியையும் வாங்கலாம், ஆனால் விலை இறங்க வேண்டும். என்னைக் கேட்டால், கரூர், நாமக்கல், ஈரோடு, கோவை பக்கத்தில் ஓடிய வண்டிகளைத் தேடுவதற்கு ஒரு மாதம் ஒதுக்கச் சொல்வேன். கரூரும் நாமக்கல்லும் பேருந்து, லாரிகளுக்குக் கூடு கட்டும் ஊர்கள் என்பதால் அங்கேயே பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டி அபிப்பிராயம் பெறவும் முடியும். நம் மாவட்டத்தின் டி.என். 65 என்ற எண்ணோ தூத்துக்குடியின் டி.என். 69 என்ற எண்ணோ இருந்தால் அடிப்பாகத்தை இருமடங்கு கவனத்தோடு பாருங்கள். எண் பலகை உள்நாட்டினுடையது என்பதாலேயே வண்டி கடற்கரையில் ஓடியதில்லை என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் உண்மை தெரியும்.

கேள்வி: புதுச்சேரிப் பதிவில் உள்ள வேன் ஒன்றைத் தரகர் காட்டுகிறார். மஞ்சள் போர்டு வண்டி. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் கழிப்பறையும் அமைத்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் 13 பேர் அமரும் வண்டி என்றே இருக்கிறது. "அதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்கிறார் தரகர். (கீழக்கரை வாசகர்)

பதில்: சாதாரண நாட்களில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். விபத்து நடந்த மறுநாள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் கேட்பார். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் மாறாக வண்டியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றியமைக்கக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 13 இருக்கை என்று எழுதிய புத்தகத்தோடு கட்டில் போட்ட வண்டியை ஓட்டினால், இழப்பீட்டை மறுக்க நீங்களே ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்தது போல ஆகும்.

சட்டத்தில் கேரவனுக்கு இடமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனங்களின் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்னும் தொழில்நுட்ப விதிமுறையும் இருக்கிறது. ஆகவே ஆர்.சி. புத்தகத்திலேயே வண்டியின் வகை கேம்பர் வேன் அல்லது மோட்டார் கேரவன் என்று பதிவாகியுள்ள வண்டி கிடைத்தால், அதற்குச் சற்று அதிக விலை கொடுப்பது தகும். நீங்கள் பார்த்த வண்டியில் மூன்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காத்திருக்கின்றன: மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றுவது, மாற்றியமைத்த உடலுக்கு ஒப்புதல் பெறுவது, வேறு பதிவெல்லையிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து இங்குள்ள வரியைக் கட்டுவது. இவை மூன்றையும் விற்பவரே முடித்துத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு, முடிந்த பின்னரே முழுத் தொகையையும் பெறுவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டு, காப்பீடும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா, ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா, அபராத ரசீதுகள் தேங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் முடிந்திருந்தாலும் அது புத்தகத்தில் நீக்கப்படாமல் இருப்பது உண்டு. அதற்குப் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டிக்குக் கூடுதலாகப் படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கடற்கரை வண்டிகளில் அந்த எண்ணே துருவில் மறைந்திருக்கும். தேய்த்துத் துடைத்தும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் பதிவு அலுவலகத்தில் நீங்கள் அலைய வேண்டிவரும். வண்டியை வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய உரிமையாளர் சேர்த்து வைத்த காப்பீட்டுத் தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. விலை பேசும்போது அதையும் ஒரு சிறப்பாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: பாம்பனில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த கூண்டு வண்டி மிக மலிவாகக் கிடைக்கிறது. வெப்பம் உள்ளே இறங்காத சுவர்கள் இருப்பதால் கேரவனுக்கு ஏற்றது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (மண்டபம் வாசகர்)

பதில்: நண்பர்கள் சொல்வதில் சுவர்களைப் பற்றிய பாதி மட்டும் சரி. ஐஸ் உருகிய தண்ணீரும் மீனின் உப்புநீரும் ஆண்டுக்கணக்கில் தரைவழியே சேஸிஸின் மேல் வடிந்திருக்கும். கடற்காற்று ஒரு வண்டிக்குப் பத்து ஆண்டில் செய்வதை மீன்பெட்டி அதைவிட மிக விரைவாகச் செய்துவிடும். நாற்றமும் அந்தத் தடுப்புச் சுவர்களின் நுரைக்குள் ஊறியிருக்கும். எந்தச் சோப்பும் அங்கே எட்டாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அது சரக்கு வண்டி. சரக்கு வண்டியின் பின்கூண்டில் குடும்பத்தை ஏற்றிச் செல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. மலிவுக்கு உரிய காரணம் ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் சினிமாப் படப்பிடிப்புக்குப் பயன்பட்ட பழைய கேரவன் வாங்கினால் எல்லா வசதியும் இருக்குமே? (திருப்புல்லாணி வாசகர்)

பதில்: இருக்கும், ஒப்பனைக் கண்ணாடியும் ஜெனரேட்டரும் கூட இருக்கும். அவை ஓரிடத்தில் போய் நாள் முழுவதும் நிற்பதற்காகக் கட்டப்பட்ட கனமான வண்டிகள். டீசல் செலவையும், உங்கள் ஊர்த் தெருவில் அதைத் திருப்புவதையும் எண்ணிப் பார்த்தால் ஆசை குறைந்துவிடும்.

கேள்வி: எங்களிடம் இரண்டரை லட்சம்தான் இருக்கிறது. நாங்கள் இருவர் மட்டும். இந்தத் தொகைக்கு கேரவன் என்பதை மறந்துவிட வேண்டுமா? (உச்சிப்புளி வாசகி)

பதில்: கேரவன் என்ற பெயரை மறந்தால் போதும், பயணத்தை மறக்க வேண்டாம். இக்கடிதங்களிலேயே மிகவும் நிறைவேறக்கூடிய ஆசை உங்களுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. 2010 முதல் விற்பனையில் உள்ள மாருதி ஈக்கோவின் ஐந்து இருக்கை வண்டியில் பின்னால் தாராளமான இடம் உண்டு. அதன் இருக்கைகளைக் கழற்றாமல், பின்னிருக்கை மடங்குமானால் மடக்கி, அதன் மேல் விரித்துக்கொள்ளத்தக்க மடக்குப் பலகைக் கட்டில் ஒன்றைத் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். வண்டியில் எதையும் வெட்டாமலும் வெல்டிங் செய்யாமலும், வேண்டியபோது தூக்கி வெளியே வைக்கக்கூடியதாக இருந்தால், அது வீட்டுச் சாமானைப் போல ஒரு சாமான். 52ஆவது பிரிவைப் பற்றிய கவலை இல்லை. பலகைக்கு அடியில் தண்ணீர்க் கேன், பாத்திரப் பெட்டி, ஐஸ் பெட்டி ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். சன்னல்களுக்குக் கொசுவலையைக் காந்தப் பட்டையால் ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய ஆம்னி இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் தயாரிப்பு 2019இல் நின்றுவிட்டது என்பதையும், அதன் தகடு மெல்லியது என்பதையும் கருத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேனுக்கு நான் சொன்ன துருச் சோதனைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: கேரவனில் ஏ.சி. வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர் பேட்டரியை எடுத்து வைத்தால் ஓடுமா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: ஒரு மணி நேரம் கூட ஓடாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்–மணி என்றால் கணக்கில் 1800 வாட்–மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும் என்பதால், உங்களுக்குப் பயன்படுவது ஏறத்தாழ 900 வாட்–மணி மட்டுமே. ஒரு டன் ஏ.சி. ஏறத்தாழ ஆயிரம் வாட் இழுக்கும். அதே பேட்டரி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் இரண்டை எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, விளக்குக்கும் கைப்பேசிகளுக்கும் மிச்சம் வைத்திருக்கும். கடற்கரையில் இரவுக் காற்று இருக்கும் மாதங்களில் இதுவே போதும். சித்திரை, வைகாசியில் போதாது. அந்த மாதங்களில் வண்டியில் தூங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. ஏ.சி. கட்டாயம் வேண்டும் என்றால், வெளி மின் இணைப்பு கொடுக்கும் விடுதி வளாகங்களில் மட்டும் அதை ஓட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதைக் கட்டிலுக்கு அடியில் சும்மா வைத்துவிடாமல், பிரேக் பிடிக்கும்போது நகராதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அந்தப் பெட்டிக்கு வெளிப்புறக் காற்றுவழியும் வேண்டும். பழைய கேரவனில் ஏற்கெனவே வயரிங் செய்திருந்தால், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் முழு வயரிங்கையும் பிரித்துப் புதிதாகப் போடும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இந்தக் கடற்கரையில் செப்புக் கம்பியின் முனைகள் பச்சை பூத்துப்போவது வழக்கம். மின்தடை என்று நினைப்பதில் பாதி அந்தப் பச்சைதான்.

கேள்வி: வண்டிக்குள் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கலாமா? தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றுக்கு என்ன செய்வது? (ஏர்வாடி வாசகி)

பதில்: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே சன்னல் திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. சிலிண்டர் வைக்கும் பெட்டி படுக்கும் இடத்திலிருந்து முற்றாகத் தடுக்கப்பட்டு, அதன் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். பழைய கேரவனில் இந்தத் துளையைப் பலகையால் மூடியிருப்பதை நீங்கள் காண நேரலாம், தூசி வருகிறது என்பதற்காக. குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டைக் கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது வீட்டில் செய்வது போலவேதான். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். என் யோசனை, 5 கிலோ சிலிண்டரையும் ஒற்றை அடுப்பையும் வெளியே இறக்கி, வண்டியின் காற்று மறைவில் வைத்துச் சமைப்பது. மீன் குழம்பின் வாசனையோடு தூங்க வேண்டிய தேவையும் இராது.

தண்ணீரைப் பொறுத்தவரை, 100 லிட்டர் என்பது 100 கிலோ என்பதை மறக்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பைக் குறித்துக்கொண்டு, ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாவற்றோடும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். நம் ஊர் உப்பு ஆழ்குழாய்த் தண்ணீரை டேங்கில் ஊற்றினால் சிறிய பம்புகள் விரைவில் அடைத்துக்கொள்ளும். காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து நிரப்புங்கள். கழிப்பறைக்கு, கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பெட்டி வகையே சிறு வண்டிக்கு ஏற்றது. அதை வீட்டுக் கழிப்பறையிலோ, அனுமதி பெற்று விடுதிக் கழிப்பறையிலோதான் கொட்ட வேண்டும். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் கரையில் இருந்துகொண்டு கடலில் கொட்டுவதைப் பற்றிப் பேசவே கூடாது.

கேள்வி: கார் உரிமம் வைத்திருப்பவர் கேரவன் ஓட்டலாமா? தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரவு தங்கலாமா? (தொண்டி வாசகர்)

பதில்: வண்டியின் மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருந்தால் இலகு ரக வாகன உரிமமே போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் இந்த வரம்பை உறுதிப்படுத்தியுள்ளது. தனுஷ்கோடிச் சாலையில் மாலைக்குப் பிறகு வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே அரிச்சல்முனையில் தங்கும் எண்ணம் வேண்டாம். ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ விடுதி வளாகத்தில் வாகனம் நிறுத்த அனுமதி கேட்டுத் தங்குங்கள். உயரமான கூரையும் அதன் மேல் சாமானும் உள்ள வேனில், காற்று மிகுந்த நாட்களில் பாம்பன் சாலைப் பாலத்தை மெதுவாகக் கடந்து செல்லுங்கள். பக்கக் காற்று கார்களைவிட உங்களை அதிகமாகத் தள்ளும்.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தாத நாட்களில், ஆடி அமாவாசை, தை அமாவாசை போன்ற கூட்ட நாட்களில், வெள்ளை போர்டு கேரவனை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விட்டு முதலீட்டை எடுத்துவிடலாமா? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: விட முடியாது. வெள்ளை போர்டு வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே பதிவானது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினால் பெர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றமாகும், விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடும். வாடகைக்கு விடுவதே நோக்கம் என்றால் தொடக்கத்திலேயே போக்குவரத்து வாகனமாகப் பதிவான வண்டியை வாங்கி, பெர்மிட், வரி, எஃப்.சி. ஆகியவற்றின் செலவைக் கணக்கில் சேருங்கள். எட்டு ஆண்டைக் கடந்த வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். ஆண்டில் சில கூட்ட நாட்களை மட்டும் நம்பி இந்தக் கணக்கைப் போட்டால் ஒத்துவராது என்பது என் எண்ணம். கடனுக்கு வாங்குவதாக இருந்தால் நிச்சயமாக வேண்டாம்.